டொக்டர் போன பிறகு: ஆட்டுக்குத் தோலுக்குக் கீழே ஊசி போடுவது

திருகோணமலைப் பக்கம் ஆடு வளர்க்கிற எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். மாரி தொடங்கி ரெண்டு கிழமை, கொட்டில் முழுக்க ஈரம், ஒரு மறி மட்டும் மூக்கு ஒழுகிக்கொண்டு மூலையில் ஒதுங்கி நிற்கும், பூவரசங்குழையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பும். மிருக வைத்தியருக்கு அழைத்தால் வருவார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பார், சளி இறங்கிவிட்டது என்பார், ஒரு ஊசி போடுவார். பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மிச்ச நாலு நாளும் நீங்களே போடுங்கோ தம்பி, தோலுக்குக் கீழேதானே, ஒரு பயமுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அவருக்குப் பயமில்லை. நமக்கு?

சாம்பல்தீவில் எட்டு ஆட்டோடு தொடங்கிய எனக்கு முதல் முறை கை நடுங்கிய நடுக்கத்தில் மருந்தில் பாதி ஆட்டின் மயிரில்தான் போனது. ஊசி குத்துவதைவிட அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றில்தான் பிழை விடுகிறோம் என்று விளங்க எனக்கு ரெண்டு மாரி எடுத்தது. அதனால் இதை எழுதுகிறேன், ஆனால் ஒன்று: இது டொக்டர் போன பிறகு வருகிற அந்த நாலு நாளுக்கு மட்டும். என்ன நோய், என்ன மருந்து, எத்தனை நாள் என்பது அவர் வேலை. மனிதருக்கு ஊசி போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டொக்டரே இல்லாமல் கடையில் ஒரு போத்தல் வாங்கிவந்து குத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அன்டிபயோட்டிக் பக்டீரியாவைத்தான் கொல்லும். காலிலும் வாயிலும் புண் வருகிற கால்-வாய் நோய் வைரஸ், அதில் இந்த ஊசி ஒன்றும் செய்யாது, புண்ணில் வேறு கிருமி ஏறிக்கொண்டால் மட்டும் டொக்டர் பார்த்துத் தருவார். மாரிக்குப் பிறகு தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் தொங்கி, கீழ் இமையைத் திருப்பிப் பார்த்தால் வெளிறிப்போய் வெள்ளையாக இருந்தால் அது பெரும்பாலும் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சுகிற புழு, அதற்குப் பூச்சி மருந்துதான். விழுந்து கிடக்கிற ஆட்டுக்கெல்லாம் ஊசி என்று நினைத்தால் காசும் போகும், ஆடும் போகும்.

ஏன் ஊசி, குளிசை கொடுத்தால் என்ன என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆட்டின் பெரிய இரைப்பையில் குழையைச் செரிக்கவைப்பதே அங்கே வாழ்கிற நுண்ணுயிர்கள்தான், வாய்வழியாக அன்டிபயோட்டிக் போனால் முதலில் அதுகளைத்தான் அடிக்கும், சளி மாறுகிறதோ இல்லையோ ஆடு தின்பதை நிறுத்திவிடும். சரி, ஊசி என்றால் ஏன் தொடையில் போடக்கூடாது? ஆட்டின் பின் தொடையில் இறைச்சி குறைவு, அதற்குள்ளே பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது, அதில் ஊசி பட்டால் கால் இழுத்துக்கொண்டே திரியும். தோலுக்குக் கீழே இருக்கிற தளர்ந்த இடத்தில் விட்டால் மருந்து மெல்ல மெல்ல இரத்தத்துக்குப் போகும், இறைச்சியும் பழுதாகாது, குத்துகிற கையும் அவ்வளவு கெட்டிக்காரக் கையாக இருக்கத் தேவையில்லை.

ஆனால் எல்லா மருந்தும் தோலுக்குக் கீழே போவதில்லை. சிலதின் லேபிளில் தசைக்குள் என்று மட்டும்தான் இருக்கும். டொக்டர் போவதற்கு முன்னர் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் நாலு விஷயம் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்: எங்கே போடுவது, எத்தனை மில்லி, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால், எத்தனை நாள். மறி சினையாக இருந்தால் அதையும் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள், ஒக்சிடெட்ராசைக்ளின் மாதிரி மருந்து வயிற்றுக்குள்ளே இருக்கிற குட்டியின் எலும்பிலும் பல்லிலும் போய் ஒட்டும்.

இன்னொரு பெயரை மனதில் வைத்திருங்கள்: டில்மிகோசின். மாட்டுச் சளிக்கு நல்ல மருந்து, அதுவும் தோலுக்குக் கீழே போடுவதுதான். ஆட்டுக்குப் போட்டால் இதயம் நின்று செத்துப்போகும். போடுகிற ஆளின் கையில் தவறிக் குத்தினாலும் அதே கதை, அப்படி மனிதர் இறந்திருக்கிறார்கள். மாடு வைத்திருக்கிற அயலவர் "இதில மிச்சம் கிடக்கு, போட்டுப் பார்" என்று அன்பாகத் தருகிற போத்தலை வாங்காமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணம் காணும்.

இனி நிறை. ஆட்டைப் பார்த்து நிறை சொல்வதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள் என்று நினைப்பு, விற்கிறபோது 5 கிலோ கூட்டியும் வாங்குகிறபோது 5 கிலோ குறைத்தும் சொல்லிப் பழகிய கண். மருந்துக்கு அந்தக் கண் சரிவராது. குட்டி என்றால் தூக்கிக்கொண்டு ஆள் நிறுக்கிற தராசில் ஏறுங்கள், பிறகு தனியே ஏறி உங்கள் நிறையைக் கழியுங்கள். பெரிய ஆட்டுக்குத் தையல்காரர் வைத்திருக்கிற அளவு நாடா எடுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளப்பது ஒன்று, தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனைவரை நீளம் அளப்பது மற்றது, ரெண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,800 ஆல் பிரியுங்கள். என் மறிக்குச் சுற்றளவு 70, நீளம் 65. 70 தர 70 தர 65 என்றால் 3,18,500, பிரித்தால் 29 கிலோ சொச்சம், 30 என்று வைத்தேன். நான் கண்ணால் பார்த்துச் சொன்னது 22.

அடுத்தது கணக்கு. என் கதையைச் சொல்கிறேன், இந்தப் பிழையை நீங்கள் விடவேண்டாம்.

ரெண்டு வருசத்துக்கு முன்னர் இதே மறிக்கு நீண்ட நேரம் வேலை செய்கிற ஒக்சிடெட்ராசைக்ளின் எழுதித்தந்தார்கள். போத்தலில் ஒரு மில்லிக்கு 200 மி.கி. கிலோவுக்கு 20 மி.கி. என்று டொக்டர் சொன்னார், 30 கிலோவுக்கு 600 மி.கி., 200 ஆல் பிரித்தால் 3 மில்லி. மூன்றாம் நாள் இன்னொன்று. முதல் ஊசி சரி, ரெண்டாவதுக்கு முன் கிடாய்க்குட்டி ஒன்று பாய்ந்து போத்தலைத் தட்டிச் சீமெந்துத் தரையில் உடைத்துவிட்டது. டவுனுக்குப் போய் ஒரு கடையில் பெயரைச் சொல்லி வாங்கினேன், அதே பெயர், அதே மஞ்சள் நிறம், அதே அளவுப் போத்தல். 3 மில்லி போட்டேன். ரெண்டு நாளில் மறுபடி காய்ச்சல், மூச்சு இழுக்கிறது, டொக்டர் வந்து போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையில் தந்தார். சின்ன எழுத்தில் 100 மி.கி. என்று இருந்தது. பாதி மருந்துதான் போட்டிருக்கிறேன், அதோடு அது நீண்ட நேர வகையும் இல்லை, ஒரு நாளில் முடிகிற வகை. கடைக்காரர் கேட்ட மருந்தைத் தந்தார், லேபிளை வாசிக்காதது நான்தான்.

பாதி மருந்து போடுவது மருந்தே போடாமல் விடுவதைவிட மோசம். பலவீனமான கிருமி செத்துவிடும், தாங்குகிற கிருமி மிஞ்சிப் பெருகும், அடுத்த முறை அதே மருந்து கேட்காது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையில் குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். எண்பது வருசம் கழித்தும் நான் அதையே கொட்டிலில் செய்துகொண்டு நின்றேன்.

ஆகவே "மூன்று மில்லி" என்று நினைவில் வைக்காதீர்கள், "அறுநூறு மில்லிகிராம்" என்று வையுங்கள். போத்தல் மாறினால் கணக்கை மறுபடி செய்யுங்கள். பெனிசிலின் என்றால் பல போத்தல்களில் மில்லிகிராமுக்குப் பதிலாக யூனிட்டில் இருக்கும், ஒரு மில்லிக்கு 3,00,000 யூனிட் என்பது வழக்கமான ஒரு அளவு. அங்கேயும் பிரிப்பது அதே மாதிரித்தான்.

சாமான்களில் பெரிய விஷயமில்லை, ஆனால் ஊசியின் பருமனில் கவனம். எண் கூடக் கூட ஊசி மெல்லிசு, முதலில் இது தலைகீழாகத்தான் தோன்றும். ஊசியின் அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கின் நிறத்தை வைத்து நினைவில் வைக்கலாம்: 18 ரோஸ், 20 மஞ்சள், 21 பச்சை, 23 நீலம். பெனிசிலின் போன்ற பால் மாதிரி மருந்துக்கும் தடித்த ஒக்சிடெட்ராசைக்ளினுக்கும் ரோஸ் வேண்டும், தண்ணீர் போல இருக்கிற மருந்துக்கு மஞ்சள். குட்டிக்கும் மஞ்சள் நல்லது. நீளம் ஒரு அங்குலம் அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு. பாமசியில் கேட்காமல் விட்டால் மனிதருக்குப் போடுகிற நீல ஊசியைத் தந்துவிடுவார்கள், அதில் பெனிசிலினை அழுத்தினால் ஊசி அடைத்து, சிறிஞ்ச் கழன்று, உங்கள் சேட்டெல்லாம் வெள்ளையாகும். ஒவ்வொரு ஆட்டுக்கும், ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஒரு தேநீரின் விலைகூட வராத சாமானில் சிக்கனம் பார்த்துச் சீழ்க்கட்டியை வாங்கவேண்டாம்.

பெனிசிலினை 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவேண்டும், அதாவது ஃபிரிட்ஜின் நடுத்தட்டு, ஐஸ் கட்டுகிற இடத்தில் இல்லை. கச்சான் காற்று வீசுகிற ஆடி மாதத்தில் டவுனிலிருந்து நிலாவெளிக்கு பஸ்ஸில் கொண்டுவருவதற்குள் போத்தல் சூடாகிவிடும், மீன்காரரிடம் ஒரு சின்ன ரெஜிபோம் பெட்டி கேட்டு வாங்கி ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள் (கழுவிவிட்டு, இல்லாவிட்டால் ஃபிரிட்ஜே சூடை மீன் மணக்கும், வீட்டில் பேச்சு வாங்குவீர்கள்). ஒக்சிடெட்ராசைக்ளினுக்கு வெயில் படாத நிழல் போதும். திறந்த திகதியை போத்தலில் ஒரு பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டுங்கள், பெரும்பாலான லேபிள்கள் திறந்தபின் 28 நாள்தான் தருகின்றன, அடுத்த மாரிக்கு என்று எடுத்துவைக்கிற சாமான் இல்லை.

போடுவதற்குக் கால் மணித்தியாலம் முன்னர் போத்தலை வெளியே எடுத்துக் கைக்குள் வைத்து உருட்டுங்கள். குளிர்ந்த மருந்து தடித்திருக்கும், உள்ளே போகும்போது வலிக்கும், ஆடு துள்ளும். பால் மாதிரி மருந்து என்றால் அடியில் படிந்திருப்பது முழுதும் கலங்கும்வரை போத்தலைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஆட்டவேண்டும், கலங்காமல் எடுத்தால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் கட்டி மருந்துமாகப் போகும். ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, எடுக்கப்போகிற அளவு காற்றை முதலில் சிறிஞ்சில் இழுத்து போத்தலுக்குள் விடுங்கள், பிறகு தலைகீழாகப் பிடித்து மருந்தை இழுங்கள். விரலால் சுண்டினால் குமிழி மேலே வரும், அதைத் தள்ளி வெளியேற்றி அளவைக் கண்மட்டத்தில் பாருங்கள். இழுத்த ஊசியைக் கழற்றிவிட்டு ஆட்டுக்கு வேறு புது ஊசி பூட்டுங்கள், ரப்பரைத் துளைத்த ஊசி மழுங்கியிருக்கும். ஆட்டில் குத்திய ஊசியை மறுபடி போத்தலுக்குள் விடவே கூடாது, ஒரே தடவையில் முழுப் போத்தலும் கெட்டுவிடும். மருந்தோடு கல்சியம், விற்றமின் என்று ஏதாவதை ஒரே சிறிஞ்சில் கலப்பதும் வேண்டாம், ஒக்சிடெட்ராசைக்ளின் கல்சியத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், ரெண்டும் வீண்.

ஆட்டைப் பிடிப்பதற்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது. எனக்கு அம்மா பிடிப்பார். ஆட்டின் பின்பக்கத்தைச் சுவர் மூலைக்குத் தள்ளி, தாடைக்குக் கீழே ஒரு கையால் தாங்கி முகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, "ஒண்டுமில்லையடி, ஒண்டுமில்லை" என்று கதைத்துக்கொண்டே நிற்பார், அந்தக் கதை ஆட்டுக்கா எனக்கா என்று இன்னும் தெரியாது. தனி ஆள் என்றால் ஆட்டின் மேல் கால் ரெண்டையும் அகட்டி நின்று, தோளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, மூலையில் நிறுத்துங்கள். கொம்பில் கயிறு கட்டி இழுத்துப் போடவேண்டாம், மூச்சுத் திணறுகிற ஆடு அதிலேயே விழும்.

இடம்: முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், விலா எலும்புக்கு மேலே, தோல் நன்றாகத் தளர்ந்திருக்கும் இடம். கையால் பிடித்துப் பாருங்கள், பழைய துணி மாதிரி கையோடு வரும். கழுத்தில் தோளுக்கு முன்னாலும் போடலாம், ஆனால் பழகாத கைக்கு விலாப்பக்கமே சுகம். மாரியில் ஆடு நனைந்து சேறோடு நிற்கும், ஈரத் தோலில் குத்தினால் அந்தச் சேறும் ஊசியோடு உள்ளே போகும். முதலில் சாக்கால் துடைத்துக் காயவிடுங்கள். ஊத்தை மயிரில் ஸ்பிரிட்டைத் தடவினால் ஈர ஊத்தைதான் மிச்சம், சுத்தமான இடத்தில் தடவி அரை நிமிடம் காயவிட்டால்தான் அதற்குப் பலன்.

இனி குத்துவது. இடது கைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலைக் கிள்ளி மேலே தூக்குங்கள், கூடாரம் மாதிரி எழும்பும். அந்தக் கூடாரத்தின் அடிவாரத்தில், உங்கள் விரலுக்குக் கீழே, ஒரு சின்னக் குழி தெரியும். ஊசியை விலாவுக்குச் சாய்வாக, எலும்பைப் பார்த்துச் செங்குத்தாக இல்லாமல், அந்தக் குழிக்குள் செலுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால்தான் வலி, ஒரே சீராகத் தள்ளினால் தோல் ஒரு நொடி எதிர்க்கும், பிறகு "பொசுக்" என்று விடும், அதற்குப் பிறகு ஊசி வெறும் இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும், முனையை லேசாக அசைத்தால் தடையில்லாமல் அசையும். அந்தச் சுதந்திரம்தான் நீங்கள் தோலுக்குக் கீழே இருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். முனை அசையாமல் இறுகி நின்றால் தசைக்குள் போய்விட்டது, கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள்.

உடனே மருந்தை அழுத்தவேண்டாம். சிறிஞ்சின் பின்தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பாருங்கள். ஒன்றும் வராமல் இழுவிசை மட்டும் தெரிந்தால் சரி. இரத்தம் எட்டிப்பார்த்தால் நாளத்தில் இருக்கிறீர்கள், எடுத்துவிட்டுப் புது ஊசி பூட்டி வேறு இடம். பெனிசிலினில் இதை ஒருநாளும் விடக்கூடாது, பால் மாதிரி இருக்கிற புரோகெய்ன் பெனிசிலின் நேரே இரத்தத்தில் போனால் ஆடு வெறி பிடித்த மாதிரித் துள்ளி, வலிப்பு வந்து விழும், சாகவும் கூடும். காற்று லேசாகக் குமிழிட்டு வந்தால் ஊசி கூடாரத்தின் மறுபக்கம் துளைத்து வெளியே வந்துவிட்டது. என் முதல் நாள் பிழை அதுதான், மறுபக்க மயிர் நனைந்து வெள்ளையாக வழிந்ததைக் கண்டபோதுதான் தெரிந்தது. அப்படி நடந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் மறுபடி முழு அளவும் போடாதீர்கள், டொக்டருக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.

பிறகு மெல்ல அழுத்துங்கள். 3 மில்லிக்குப் பத்து எண்ணும் நேரம். ஒக்சிடெட்ராசைக்ளின் எரியும், ஆடு முனகும், உடம்பை நெளிக்கும், கையை அதோடு கொண்டுபோங்கள், எதிர்த்து நிற்காதீர்கள். ஒரு இடத்தில் 5 மில்லிக்கு மேல் வேண்டாம், கூட இருந்தால் ரெண்டு இடத்தில் பிரியுங்கள். ஊசியை எடுத்தவுடன் பெருவிரலால் துளையை அழுத்தி, கொஞ்சம் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் போட்ட மருந்து வந்த வழியே திரும்பும். இன்று இடப்பக்கம் என்றால் நாளைக்கு வலப்பக்கம்.

போட்ட இடத்தில் ஒரு சின்ன வீக்கம் எழும்பி சில நாள் இருக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. நாளுக்கு நாள் பெருத்து, சூடாகி, தொட்டால் ஆடு கத்தினால் சீழ் வைக்கிறது, அதைக் காட்டவேண்டும். வேறு ஒரு பயம் உண்மையான பயம். சில ஆட்டுக்கு மருந்து ஒத்துக்கொள்ளாமல் சில நிமிடத்துக்குள் கண்ணிமை வீங்கி, மூச்சு விசில் அடித்து, கால் மடிந்து விழும். முதல் ஊசியில் வராமல் ரெண்டாவதில் வரலாம். அதற்கு அட்ரினலின்தான், அதுவும் உடனே, டொக்டர் வரும்வரை காத்திருக்க நேரமிருக்காது. முதல் நாளே அவரிடம் கேட்டு, எவ்வளவு என்று எழுதி வாங்கி, வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. ஊசி போட்டவுடன் கடைக்குப் போகாமல் அரை மணித்தியாலம் கொட்டிலுக்குப் பக்கத்தில் இருங்கள், குழை வெட்டிக்கொண்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் ஆடு எழும்பி இப்பில் இப்பில் மரத்துக் குழைக்குச் சண்டை பிடிக்கும். அந்த நாளில்தான் பெரும்பாலானோர் ஊசியை நிறுத்துகிறார்கள். சொன்ன நாள் ஐந்து என்றால் ஐந்து, சொன்ன நேரம் காலை ஆறு என்றால் ஆறு. காய்ச்சலைக் கண்ணால் பார்க்காமல் அளந்து பாருங்கள், சாதாரண டிஜிட்டல் தெர்மோமீட்டரை ஆசனவாயில் ஒரு நிமிடம் வைத்தால் போதும் (அதில் பெரிதாக "ஆடு" என்று எழுதிவையுங்கள், ஏன் என்று சொல்லத் தேவையில்லை). நலமான ஆட்டுக்கு 38.5 முதல் 39.7 பாகை செல்சியஸ்வரை இருக்கும். மத்தியான வெக்கையில் நின்ற ஆடு சும்மாவே கூடக் காட்டும், அதனால் விடியற்காலையில் அளப்பதுதான் கணக்கு. ரெண்டு நாள் ஊசிக்குப் பிறகும் 40க்குக் கீழே இறங்காவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள், மருந்தை மாற்றாதீர்கள், அழையுங்கள்.

பால் கறக்கிற ஆடோ மாடோ என்றால் ஊசி தொடங்கிய நேரத்திலிருந்து, கடைசி ஊசிக்குப் பிறகு லேபிளில் போட்டிருக்கிற நாள் முடியும்வரை பாலை வீட்டுக்கும் எடுக்கக்கூடாது, விற்கவும் கூடாது, மற்றப் பாலோடு சேர்க்கவும் கூடாது. பெனிசிலின் ஒத்துவராத ஒருவர் தெரியாமல் குடித்தால் உங்கள் ஆட்டுக்கு வந்த மருந்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் சட்டித்தயிர் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பெனிசிலின் கலந்த பாலில் உறை பிடிக்காது, தயிராக்குகிற பக்டீரியாவையும் அது விடுவதில்லை. ஒரு மாட்டின் பால் ஒரு பானை முழுதையும் தண்ணீராக விட்டுவிடும், யாருடைய பால் என்று அடுத்த நாள் காலையிலேயே கண்டுபிடித்து வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

பாவித்த ஊசியை மூடி போட்டு மூட முயற்சிக்காதீர்கள், கையில் குத்துவது அந்த நேரத்தில்தான். தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் அப்படியே போட்டு, நிறைந்தபின் டேப் ஒட்டி மிருக வைத்தியசாலையில் கேட்டுக் கொடுங்கள். வாய்க்காலுக்குள்ளும் கடற்கரையிலும் எறிந்தால் சல்லிக் கிராமத்துப் பக்கம் வெறுங்காலோடு வலை இழுக்கிறவர்தான் மிதிப்பார். உங்கள் கையிலேயே குத்திவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன மருந்து என்று அவர்களுக்கு லேபிள்தான் சொல்லும்.

எழுதிவைப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். எந்த ஆடு, என்ன மருந்து, மில்லிக்கு எத்தனை மி.கி., எவ்வளவு போட்டது, எந்தப் பக்கம், கடைசி ஊசித் திகதி. முதலில் ஒரு கொப்பியில் எழுதிக் கொட்டில் தூணில் தொங்கவிட்டேன், ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் மட்டைதான் மிச்சம், காய்ச்சல் மாறியதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லைதான். இப்போது வீட்டுக் கலண்டரில் எழுதுகிறேன், கடைசி ஊசியிலிருந்து இறைச்சிக்கு அறுக்கக்கூடாது என்று லேபிள் சொல்கிற நாளை எண்ணி அந்தத் திகதியைச் சிவப்பில் வட்டமிடுகிறேன். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை முன்னர் மூதூரிலிருந்து ஒருவர் கிடாய் பார்க்க வந்தார், நல்ல பெரிய கிடாயாகப் பார்த்துக் கையை வைத்தார். அதற்குத்தான் கால் புண்ணுக்கு ஊசி போட்டு முடித்திருந்தேன், வட்டம் இன்னும் பதினொரு நாள் தள்ளி இருந்தது. கலண்டரைக் கொண்டுவந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு, "அப்ப அந்த மூலையில நிக்கிறதுக்கு ஊசி ஒண்டும் போடேல்லைத்தானே?" என்று கேட்டார். அதை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.